மிளகாய் விழுதை மாற்றிப் போட்டபின் சுவை பிசகினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

கொரியாவின் கோச்சுஜாங், சீனாவின் சிச்சுவான் மாநிலத்துத் தோபான்ஜியாங், இந்தோனேசியாவின் சம்பால் ஓலெக், மலேசியாவின் சிலி போ, தாய்லாந்தின் நாம் பிரிக் பாவ் ஆகிய ஐந்தும் கடை அலமாரியில் ஏறத்தாழ ஒரே சிவப்பில் அடுத்தடுத்து நிற்கின்றன. அதனால் வீட்டில் ஒன்று தீர்ந்திருக்கும்போது இன்னொன்றை எடுத்து அதே அளவில் போட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. அப்படிப் போட்ட சமையல் சில நேரம் நன்றாகவே அமைந்துவிடும். பல நேரம் உப்புக் கரிக்கும், கசக்கும், நீர்த்துப்போகும், அல்லது காரம் மட்டும் தனியாக நாக்கில் நிற்கும். இந்தப் பிசகுகளுக்கெல்லாம் காரணம் ஒன்றே. மிளகாய் விழுது சட்டிக்குள் காரத்தை மட்டும் கொண்டு வருவதில்லை. உப்பு, இனிப்பு, புளிப்பு, நொதித்த பருப்பின் ஆழ்ந்த சுவை, கெட்டித்தன்மை, நிறம், எண்ணெய் ஆகியவற்றில் சிலவற்றையும் சேர்த்தே கொண்டு வருகிறது. மாற்றிப் போட்ட விழுதில் இவற்றுள் எது விடுபட்டது, எது இரட்டித்தது என்பதை அறிகுறியைக் கொண்டே கண்டுபிடிக்கலாம்.

அதற்கு முன் ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். கோச்சுஜாங் என்பது மிளகாய்த்தூள், பசையரிசி, மெஜு எனப்படும் நொதித்த சோயாக் கட்டியின் பொடி, முளைகட்டிய பார்லி, உப்பு ஆகியவற்றைக் கலந்து மண்சாடியில் மாதக்கணக்கில் பக்குவப்படுத்தும் விழுது. வட ஜொல்லா மாநிலத்தின் சுன்சாங் என்னும் ஊர் இதற்குப் பெயர்போனது. இது கெட்டியாகவும் இனிப்பாகவும் இருக்கும். தொழிற்சாலைத் தயாரிப்புகளில் சர்க்கரைப் பாகும் கோதுமையும் சேர்வதால் இனிப்பு இன்னும் கூடும். தோபான்ஜியாங்கில் பெயர்பெற்றது செங்டு நகரை ஒட்டிய பிஷியனில் செய்யப்படுவது. ஃபாவா எனப்படும் பெரிய அவரை விதை, எர்ஜிங்தியாவ் மிளகாய், கோதுமை மாவு, உப்பு ஆகியவை சேர்ந்து ஓராண்டோ அதற்கு மேலோ வெயிலிலும் பனியிலும் கிடந்து கருஞ்சிவப்பாகும் விழுது அது. அதில் இனிப்பு இல்லை. உப்பு மிக அதிகம்.

சம்பால் ஓலெக் பச்சையாக அரைத்த சிவப்பு மிளகாயும் உப்பும்தான். சீசாவில் வருவதில் வினிகர் சேர்ந்திருக்கும். சிலி போ என்பது காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த வெறும் விழுது. மலேசியச் சந்தைகளில் எடை போட்டு விற்பார்கள். அங்குள்ள தமிழர் வீடுகளிலும் அன்றாடம் புழங்குவது. நாம் பிரிக் பாவ் வறுத்த மிளகாய், பூண்டு, சின்ன வெங்காயம், புளி, பனைவெல்லம், உலர்ந்த இறால் ஆகியவற்றை அரைத்து எண்ணெயில் காய்ச்சியது. இனிப்பும் புளிப்பும் புகைமணமும் கலந்திருக்கும். இந்த ஐந்தையும் அடுத்தடுத்துச் சுண்டுவிரல் நுனியில் எடுத்து நக்கிப் பார்த்தவர்கள் ஒன்றுக்கு ஒன்றை அதே அளவில் போடத் துணியமாட்டார்கள். புதிய சீசாவைத் திறந்ததும் அப்படி ஒருமுறை சுவைத்துப் பார்ப்பதை எல்லாருக்கும் பரிந்துரைக்கிறேன்.

காரம் மட்டும் நிற்கிறது, அடிச்சுவை இல்லை

மாற்றிப் போடுவதில் மிக அதிகமாக நேரும் பிசகு இதுதான். சிச்சுவானின் காரமான தோஃபுக் குழம்பாகிய மாப்போ தோஃபுவில் தோபான்ஜியாங்குக்குப் பதிலாகச் சம்பால் ஓலெக்கைப் போட்டாலும், கொரியக் குழம்பில் கோச்சுஜாங்குக்குப் பதிலாகச் சிலி போவைப் போட்டாலும், வாயில் வைத்தவுடன் எரிப்பு வரும். ஆனால் விழுங்கியபின் நாக்கில் எதுவும் தங்காது. இதைக் கண்டு பலர் இன்னும் ஒரு கரண்டி விழுதைச் சேர்க்கிறார்கள். அதனால் எரிப்பு கூடுமே தவிர குறை தீராது. குறைவது காரமன்று, நொதித்த பருப்பின் சுவை. சோயாவும் ஃபாவாவும் மாதக்கணக்கில் நொதிக்கும்போது அவற்றின் புரதம் சிதைந்து குளுட்டமேட் உள்ளிட்ட அமினோ அமிலங்கள் பிரிகின்றன; சூப்பிலும் குழம்பிலும் வாய் நிறைந்தாற்போல் உணரவைப்பது பெரும்பாலும் இவைதான். நொதிக்காத மிளகாய் விழுதில் அவை மிகக் குறைவு.

சமையல் அடுப்பில் இருக்கும்போதே இதைச் சரிசெய்ய முடியும். நான்கு பேருக்கான சட்டிக்கு ஒரு தேக்கரண்டி மிசோ என்னும் ஜப்பானிய நொதித்த சோயா விழுதையோ அதைப் போன்ற கொரியத் தோன்ஜாங்கையோ சிறிது வெந்நீரில் கரைத்து ஊற்றி, மூன்று நான்கு நிமிடம் மெல்லக் கொதிக்கவிட்டுச் சுவை பாருங்கள். இவை இரண்டும் இல்லாவிட்டால் ஒரு தேக்கரண்டி சோயா சாஸ் ஓரளவு ஈடுகட்டும்; அதில் மணம் உண்டு, கனம் இல்லை. அசைவம் உண்பவர்கள் சில துளி மீன் சாஸையும் சேர்க்கலாம். இவை அனைத்திலும் உப்பு இருப்பதால், வேறு உப்பு எதையும் அதற்குமுன் சேர்க்காமல் இருப்பது முக்கியம்.

அடுத்த முறை தொடக்கத்திலேயே கலந்துகொள்வது மேல். தோபான்ஜியாங் 2 மேசைக்கரண்டி தேவைப்படும் இடத்தில், சம்பால் ஓலெக்கோ சிலி போவோ 1 மேசைக்கரண்டி, அடர்ந்த சிவப்பு மிசோ 1 மேசைக்கரண்டி என்று எடுத்து, இரண்டையும் சேர்த்து எண்ணெயில் வதக்குங்கள். சீனக் கடைகளில் கிடைக்கும் நொதித்த கறுப்பு சோயா உங்களிடம் இருந்தால், அதை ஒரு தேக்கரண்டி அளவு அலசி, கத்தியால் கொத்தி இதனோடு சேர்க்கும்போது சுவை பிஷியனுக்கு இன்னும் நெருங்கும். கோச்சுஜாங்குக்கு மாற்று வேண்டுமானால் மிசோ 2 மேசைக்கரண்டி, காஷ்மீரி மிளகாய்த்தூள் 1½ மேசைக்கரண்டி, தேனோ வெல்லப்பாகோ 1 மேசைக்கரண்டி என்று குழைத்து, ஒரு தேக்கரண்டி அரிசிமாவை நீரில் காய்ச்சிய கஞ்சியால் தளர்த்திக்கொள்ளுங்கள். இந்தக் கஞ்சியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கோச்சுஜாங்கின் வழவழப்புக்கும் பளபளப்புக்கும் காரணம் அதிலுள்ள பசையரிசிதான் என்பதால் அதை விடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. பிபிம்பாப் போன்ற சோற்றுக் கலவைக்கும் இறைச்சி ஊறவைப்பதற்கும் இந்தக் கலவை நன்றாகவே பொருந்தும். ஆனால் தொக்பொக்கி என்னும் அரிசிமாவுக் கட்டிப் பண்டத்தில் விழுதே குழம்பாகிவிடுவதால், அதற்கு மட்டும் உண்மையான கோச்சுஜாங்கைத் தேடி வாங்குவதே நல்லது.

உப்புக் கரிக்கிறது

இது நேர்வது பெரும்பாலும் எதிர்த்திசை மாற்றத்தில்தான். கோச்சுஜாங் 2 மேசைக்கரண்டி என்று செய்முறையில் இருக்க, அதே அளவு தோபான்ஜியாங்கைப் போட்டு, செய்முறை சொன்ன சோயா சாஸையும் குறைக்காமல் ஊற்றினால் கரிக்காமல் இருக்க வழியே இல்லை. கோச்சுஜாங்கில் இனிப்பு உப்பை மூடி நிற்கிறது. தோபான்ஜியாங்கில் மூடுவதற்கு எதுவுமில்லை, உப்பின் அளவும் மிகக் கூடுதல்.

எவ்வளவு கூடுதல் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, சீசாவின் அட்டையிலேயே கணக்கிட்டுவிடலாம். அட்டையில் சோடியம் மில்லிகிராமில் தரப்பட்டிருக்கும், அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். எடுத்துக்காட்டாக 15 கிராம் விழுதில் 900 மில்லிகிராம் சோடியம் என்று ஓர் அட்டை சொன்னால், அந்த ஒரு கரண்டியில் 2.25 கிராம் உப்பு இருக்கிறது என்று பொருள். ஒரு தேக்கரண்டி தூள் உப்பு ஏறத்தாழ 6 கிராம் என்பதால், அது மூன்றில் ஒரு பங்கு தேக்கரண்டி உப்பைவிடச் சற்று அதிகம். இரண்டு விழுதுகளுக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், எதை எவ்வளவு குறைக்க வேண்டும் என்பது அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே தெரிந்துவிடும். பரிமாறும் அளவு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறுபடுவதால், ஒப்பிடும்போது இரண்டையும் 100 கிராமுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே கரித்துவிட்ட குழம்பில் உருளைக்கிழங்கைப் போட்டு எடுத்தால் உப்பை உறிஞ்சிவிடும் என்ற நம்பிக்கை நம்மிடையே வலுவாக உண்டு. கிழங்கு உறிஞ்சுவது குழம்பைத்தான், உப்பை மட்டும் பிரித்து உறிஞ்சுவதில்லை; மீதமுள்ள குழம்பின் கரிப்பு அப்படியே இருக்கும். உப்பில்லாத பொருளைச் சேர்த்துப் பண்டத்தின் அளவைக் கூட்டுவதே உண்மையான தீர்வு. உப்பிடாத தோஃபு, வேகவைத்த கிழங்கைச் சட்டியிலேயே விட்டுவிடுவது, முட்டைக்கோஸ், உப்பில்லாத எலும்புச்சாறு ஆகியவற்றில் எது பொருந்துமோ அதைச் சேர்த்து, கடைசியில் அரைத் தேக்கரண்டி சர்க்கரை போடுங்கள். சர்க்கரை உப்பைக் குறைக்காது. கோச்சுஜாங்கில் இருந்த மூடியைத் திருப்பித் தரும். அடுத்த முறை, செய்முறை கேட்ட கோச்சுஜாங்கின் அளவில் பாதி மட்டும் தோபான்ஜியாங் எடுத்து, அதற்கு ஒரு தேக்கரண்டி சர்க்கரை சேர்த்து, சோயா சாஸை இறக்கும் நேரத்தில் சுவை பார்த்து ஊற்றுங்கள்.

பச்சை வாடையும் கமறலும்

சிலி போவைப் போட்டுச் செய்த சம்பலில் நிறமும் காரமும் சரியாக இருந்தும், தொண்டையைக் கமறவைக்கும் ஒரு நெடியும், நாக்கில் பச்சைக் காறலும் தங்கிவிடுவதுண்டு. மற்ற விழுதுகளோடு பழகிய கைக்கு இந்தப் பிசகு எளிதில் வந்துவிடும். ஏனெனில் கோச்சுஜாங்கும் நாம் பிரிக் பாவும் ஏற்கெனவே பக்குவப்பட்டு வருபவை, சிலி போவின் பக்குவம் முழுவதும் நம் சட்டியில்தான் நடக்க வேண்டும். நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றுக்குச் சம்பல் செய்பவர்கள் எண்ணெய் தாராளமாக ஊற்றி, சிறு தீயில், எண்ணெய் விழுதிலிருந்து பிரிந்து மேலே சிவப்பாக மிதக்கும்வரை கிளறிக்கொண்டே இருப்பார்கள். மலாய்க்காரர்கள் இந்தக் கட்டத்தைப் பெச்சா மின்யாக் என்பார்கள். நம் வீட்டுப் புளிக்குழம்பில் எண்ணெய் கக்கி வருவதும் இதே பக்குவம்தான்.

எண்ணெய் பிரிவதற்குள் என்ன நடக்கிறது என்பதை அறிந்தால் பொறுமை தானாக வரும். விழுதில் ஈரம் இருக்கும்வரை அதன் வெப்பம் 100 டிகிரியை அதிகம் தாண்டாது. அந்த வெப்பத்தில் மிளகாய் வேகுமே தவிர வறுபடாது. ஈரம் வற்றியபின்தான் வெப்பம் ஏறி, வறுத்த மணம் உண்டாகிறது. சலசலவென்று பெருங்குமிழிகளாகக் கொதித்த ஓசை அடங்கி, நுண்குமிழிகளாக மாறுவதே ஈரம் வற்றியதற்கான அடையாளம். ஒரு கோப்பை விழுதுக்கு இதற்கு இருபது முப்பது நிமிடம்கூட ஆகலாம். சீக்கிரம் முடிக்க எண்ணித் தீயைக் கூட்டினால் ஓரங்கள் கருகி, நடு பச்சையாகவே நிற்கும்.

நெடி தங்கிவிட்ட சம்பலை மீட்பது எளிது. இன்னும் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, மீண்டும் சிறு தீயில் வைத்துக் கிளறுங்கள்; புளிக்கரைசலையும் சர்க்கரையையும் அதன்பிறகே சேர்க்க வேண்டும். புளியை முன்னதாகவே ஊற்றிவிட்டீர்களானால் அந்த நீரும் வற்றவேண்டும் என்பதால் நேரம் கூடும், அவ்வளவுதான். தோபான்ஜியாங்குக்கும் இதே விதி சிறிய அளவில் பொருந்தும்: அதைக் கொதிக்கும் குழம்பில் நேராகக் கரைக்காமல், கத்தியால் பொடியாகக் கொத்தி, மிதமான தீயில் எண்ணெயில் ஒன்றிரண்டு நிமிடம் வதக்கி, எண்ணெய் சிவந்தபின்பே மற்றவற்றைச் சேர்க்க வேண்டும்.

அடிபிடித்துக் கசக்கிறது

கோச்சுஜாங்கை மேலே சொன்னபடி எண்ணெயில் நெடுநேரம் வதக்கினால் இந்தக் கசப்பு வரும். அதிலுள்ள சர்க்கரையும் மாவுச்சத்தும் சட்டியின் அடியில் ஒட்டிக் கருகிவிடுகின்றன. கருகிய கசப்பை எந்தச் சேர்மானமும் போக்காது. சுரண்டாமல், மேலே உள்ளதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள், மாற்றியதிலும் கசப்பு இருந்தால் அதைக் கைவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். கோச்சுஜாங்கை நீரிலோ சாறிலோ கரைத்து ஊற்ற வேண்டும். இறைச்சியில் பூசிச் சுடுவதானால் சுட்டு முடிக்கும் கடைசி நிமிடங்களில் பூச வேண்டும். நாம் பிரிக் பாவிலும் ஸ்ரீராச்சா என்னும் மிளகாய் சாஸிலும் சர்க்கரை இருப்பதால் அவற்றுக்கும் இதே எச்சரிக்கை உண்டு.

நிறம் மங்கிப் பழுப்பாக இருக்கிறது

மிளகாயின் சிவப்பு கேப்சாந்தின் முதலிய நிறமிகளால் வருவது. அவை நீரில் கரையாமல் எண்ணெயில் கரைபவை. ஆகவே நிறம் வராத சமையலில் முதலில் கேட்க வேண்டியது, விழுது எண்ணெயோடு போதிய நேரம் சேர்ந்திருந்ததா என்பது. கொதிக்கும் சாற்றில் நேராகப் போட்டிருந்தால், ஒரு சிறு கரண்டியில் எண்ணெயை மிதமாகச் சூடாக்கி, அடுப்பை அணைத்து, காஷ்மீரி மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டியைத் தூவி, சிவந்தவுடன் குழம்பின்மேல் ஊற்றுங்கள். காரம் அதிகம் கூடாமல் நிறம் எழும்பும். எண்ணெய் புகையும் சூட்டில் இருந்தால் தூள் நொடியில் கருகிப் பழுப்பு இன்னும் கூடிவிடும்.

அடுத்த காரணம் மிளகாயின் வகை. கொரியர்கள் விதை நீக்கி உலர்த்தும் மிளகாய் நிறம் மிகுந்தது, காரம் நடுத்தரமானது. எனவே நம் ஊர்க் காரமான குண்டு மிளகாயையோ குண்டூர் மிளகாயையோ அரைத்து அதற்கு ஈடாகப் போட்டால், காரத்துக்கு அஞ்சி அளவைக் குறைப்போம், நிறமும் அதோடு குறைந்துவிடும். அந்த இடத்துக்குக் காஷ்மீரியும் கர்நாடகத்துப் பியாடகியும் பொருத்தமானவை. காய்ந்த மிளகாயின் விதையையும் சேர்த்து அரைத்தால் விழுது வெளிறும். ஊறவைக்கும் முன் விதையைத் தட்டி எடுத்துவிடுங்கள். வெளிச்சம் படும் கண்ணாடி சீசாவில் நெடுநாள் கிடந்த மிளகாய்த்தூளுக்கு எந்த உத்தியாலும் நிறம் மீளாது.

தோபான்ஜியாங் ஆண்டு ஏற ஏறக் கருக்கும். மூன்றாண்டு விழுதில் செய்த மாப்போ தோஃபு கருஞ்சிவப்பாக இருப்பது குறையன்று. பளிச்சென்ற சிவப்பு வேண்டுமானால் இளம் விழுதையும் முதிர்ந்த விழுதையும் கலந்துகொள்ளலாம்.

புளிக்கிறது, தேங்காய்ப்பால் திரிகிறது

சீசாவில் வரும் சம்பால் ஓலெக்கிலும் ஸ்ரீராச்சாவிலும் வினிகர் இருப்பதை மறந்துவிடும்போது இவ்விரண்டும் நேரும். ஸ்ரீராச்சாவின் பெயர் தாய்லாந்தின் சொன்புரி மாநிலத்துச் சி ராச்சா என்னும் கடற்கரை ஊரிலிருந்து வந்தது. உலகெங்கும் பரவிய பச்சை மூடி போட்ட சீசா, வியட்நாமிலிருந்து அகதியாக வந்த டேவிட் டிரான் 1980-இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய நிறுவனத்துடையது. தாய்லாந்து ஸ்ரீராச்சாவும் இந்தச் சீசாவில் வருவதும் மேசையில் வைத்துத் தொட்டுக்கொள்ளும் சாஸ்கள். சட்டியில் விழுதின் வேலையை அவற்றிடம் எதிர்பார்ப்பது பொருந்தாது.

புளிப்பு மட்டும் மிகுந்திருந்தால், மூடியைத் திறந்து வைத்துச் சில நிமிடம் கொதிக்கவிடுங்கள். வினிகரின் ஒரு பகுதி ஆவியாகிவிடும். பிறகு ஒரு துண்டு பனைவெல்லமோ சர்க்கரையோ சேர்த்துச் சமன்படுத்தலாம். தேங்காய்ப்பால் திரிந்துவிட்டால் பழைய வழவழப்பு முழுதாகத் திரும்பாது. குழம்பை வடித்து, மிக்சியில் ஓட்டி, ஒரு தேக்கரண்டி அரிசிமாவைக் குளிர்ந்த நீரில் கரைத்துச் சேர்த்துச் சிறு தீயில் சூடாக்கினால் பார்வைக்குச் சேர்ந்துவரும். இனித் தேங்காய்ப்பால் உள்ள சமையலில் புளிப்புள்ள விழுதை முதலில் எண்ணெயில் வதக்கி வினிகரைப் போக்கிவிட்டு, பாலைக் கடைசியில் ஊற்றி, தளதளவென்று கொதிக்கவிடாமல் இறக்குங்கள்.

தாய்லாந்துக் குழம்புகளில் இதற்கு நேர்மாறான ஒரு குறையும் எழுவதுண்டு. செய்முறையில் தேங்காய்ப்பாலின் கெட்டிப் பாகத்தைக் காய்ச்சி எண்ணெய் பிரிந்தபின் விழுதை வதக்கச் சொல்லியிருப்பார்கள். எவ்வளவு காய்ச்சினாலும் எண்ணெய் பிரியாது. அட்டைப்பெட்டியில் வரும் பல தேங்காய்ப்பால்களில் பிரியாமல் பிணைத்து வைக்கும் பொருள் சேர்க்கப்பட்டிருப்பதே காரணம். அந்தச் சூழலில் இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் விழுதை வதக்கிவிட்டுப் பாலைப் பிறகு ஊற்றினால் போதும்.

மணமே வேறாக இருக்கிறது

தாய்லாந்தின் சிவப்புக் கறி விழுதுக்குப் பதிலாக மேலே சொன்ன எதைப் போட்டாலும் இந்தக் குறை வரும். அந்த விழுதில் மிளகாயைவிட எலுமிச்சைப்புல், பேரரத்தை, மக்ரூட் எலுமிச்சைத் தோல், கொத்தமல்லி வேர் ஆகியவற்றின் பங்கு பெரிது. அவை இல்லாமல் கோச்சுஜாங்கும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து ஒரு நல்ல குழம்பாகலாம்; தாய்லாந்துக் குழம்பாகாது. வீட்டில் எலுமிச்சைப்புல் இருந்தால் சிலி போவோடு அதையும் பூண்டையும் சின்ன வெங்காயத்தையும் கொத்தமல்லித் தண்டையும் அம்மியிலோ மிக்சியிலோ அரைத்து, எலுமிச்சைத் தோலைத் துருவிச் சேர்த்தால் நெருங்கிவரலாம். பேரரத்தைக்கு இஞ்சியை அதே அளவில் போடுவது சரியன்று. இஞ்சியின் காரமணம் மற்றதை மூடிவிடும், பாதியளவு போதும்.

நாம் பிரிக் பாவ் இல்லாமல் தோம் யாம் என்னும் புளிப்புக் காரச் சூப் செய்யும்போது குறைவது புகைமணமும் இனிப்பும். காய்ந்த மிளகாய் நான்கைந்து, பூண்டு, சின்ன வெங்காயம் ஆகியவற்றைத் தோலோடு வெறும் சட்டியில் ஆங்காங்கே கருமை படியும்வரை வாட்டி, தோலுரித்து, சிறிது புளி, வெல்லம், உப்போடு அரைத்து எண்ணெயில் வதக்கினால் கடையில் வாங்குவதைவிட நன்றாகவே அமையும். உண்மையில் இந்த ஐந்து விழுதுகளுள் வீட்டிலேயே செய்துகொள்ள மிகவும் ஏற்றது இதுதான். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், நொதிக்கக் காத்திருக்க வேண்டியதில்லை.

சம்பலில் பெலாச்சான் என்னும் நொதித்த இறால் விழுது இல்லையென்றால் கடல்மணம் குறையும். தமிழ்நாட்டுக் கடற்கரையில் கிடைக்கும் உலர்ந்த கூனி இறாலை வறுத்துப் பொடித்துப் போடுவதும், இலங்கைச் சமையலறைகளில் உள்ள மாசிக் கருவாட்டை இடித்துப் போடுவதும் பொருத்தமானவை. கூனியில் இறால் மணம் வரும், நொதித்த நெடி வராது. அதற்கு அரைத் தேக்கரண்டி மிசோ துணை செய்யும். சைவர்களுக்கு மிசோ மட்டுமே போதுமானது.

நாக்கு மரத்துப்போகவில்லை

மாப்போ தோஃபுவில் உதடும் நாக்கும் துடிப்பது தோபான்ஜியாங்கால் என்று எண்ணி, அதை இருமடங்காகப் போடுவோர் உண்டு. அந்தத் துடிப்பு ஹுவாஜியாவ் எனப்படும் சிச்சுவான் மிளகால் வருவது. எந்த மிளகாய் விழுதாலும் வராது. கொங்கணக் கடற்கரையில் மீன் குழம்புக்குப் போடும் திர்பல் அதே இனத்தைச் சேர்ந்தது. கருவிதையை நீக்கி, தோலை மட்டும் வறுத்துப் பொடித்து, இறக்கும்போது தூவலாம்.

குழம்பு நீர்த்திருக்கிறது

கோச்சுஜாங்குக்குப் பதிலாக எந்த விழுதைப் போட்டாலும் குழம்பு தளர்ந்துவிடும். பசையரிசி இல்லாததே காரணம். ஒரு தேக்கரண்டி அரிசிமாவையோ சோளமாவையோ குளிர்ந்த நீரில் கரைத்து ஊற்றுங்கள். சுண்டவைத்தும் கெட்டியாக்கலாம், ஆனால் உப்பும் சுண்டிக் கரிக்கும்.

காரம் தாங்கவில்லை

காரம் தரும் கேப்சைசின் எண்ணெயிலும் கொழுப்பிலும் கரைவது. குழம்பின்மேல் மிதக்கும் சிவப்பு எண்ணெயில் ஒரு பகுதியைக் கரண்டியால் எடுத்து வைப்பதே விரைவான வழி; எடுத்த எண்ணெயை மறுநாள் நூடுல்ஸில் ஊற்றிக்கொள்ளலாம். தேங்காய்ப்பால், வேர்க்கடலை விழுது, எள் விழுது ஆகியவை காரத்தை மென்மையாக்கும். உண்பவரின் வாய் எரிந்தால் தண்ணீரைவிடப் பாலோ தயிரோ நல்லது, அவற்றிலுள்ள கேசீன் என்னும் புரதம் கேப்சைசினைப் பற்றிக்கொண்டு போகும்.

விழுதை வீட்டில் அரைக்கும்போது விதையை நீக்கியும் காரம் குறையவில்லை என்று வியப்பவர்கள், உள்ளிருக்கும் வெண்ணிற நரம்பையும் சீவி எடுக்க வேண்டும். காரம் பெருமளவு உற்பத்தியாவது அந்த நரம்பில்தான்; விதையில் இருப்பது அதிலிருந்து ஒட்டியது.

சீசாவில் மாற்றம் தெரிகிறது

கோச்சுஜாங்கின் மேற்பரப்பு கருத்துப்போவது காற்றுப் பட்டதால். கீழே கிளறினால் சிவப்பு தெரியும், சுவையும் கெடாது. திறந்தபின் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, மேலே ஒரு மெல்லிய தாளைப் படியவிட்டால் கருப்பது குறையும். பஞ்சுபோன்ற பூசணம் பச்சையாகவோ கறுப்பாகவோ படர்ந்திருந்தால் மேலாக வழித்துவிட்டுப் பயன்படுத்த வேண்டாம். ஈரக்கரண்டியை விடுவதே பெரும்பாலும் இதற்குக் காரணம்.

கவலைப்பட வேண்டிய இடம் வீட்டில் அரைத்த விழுது. பச்சைப் பூண்டு சேர்ந்த மிளகாய் விழுதின்மேல் எண்ணெய் நிற்க ஊற்றி, அலமாரியில் வெளியே வைப்பது ஆபத்தானது. காற்றுப் புகாத, புளிப்புக் குறைந்த அந்தச் சூழலில் போட்டுலிசம் என்னும் கொடிய நோயைத் தரும் கிருமி வளரலாம், அதன் நஞ்சுக்கு நிறமோ மணமோ இராது. 1985-இல் கனடாவின் வான்கூவரில் பலர் இந்நோய்க்கு ஆளானது எண்ணெயில் போட்ட நறுக்கிய பூண்டால்தான். எனவே பூண்டு சேர்ந்த விழுதைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துச் சில நாட்களுக்குள் தீர்த்துவிடுங்கள். கூடுதலாக அரைத்திருந்தால் சிறு சிறு பகுதிகளாக உறையவைத்துவிடுங்கள்.

சிலருக்கு மட்டும் ஒவ்வவில்லை

விழுதை மாற்றும்போது சுவையோடு ஒவ்வாமைப் பொருள்களும் மாறுகின்றன. சம்பால் ஓலெக்கை உண்ணக்கூடியவர் தோபான்ஜியாங்கை உண்ணக்கூடாதவராக இருக்கலாம். கோச்சுஜாங்கில் சோயாவும் பெரும்பாலும் கோதுமையும் உண்டு. நாம் பிரிக் பாவில் இறால் உண்டு, சைவத் தயாரிப்பு என்று அட்டையில் குறிப்பிட்டிருந்தால் ஒழிய. தோபான்ஜியாங்கில் கோதுமையோடு ஃபாவா அவரையும் இருப்பதால், ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு உள்ளவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். அந்த அவரை அவர்களுக்குச் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தச் சோகையை உண்டாக்கக்கூடும். அத்தகையவர் வீட்டிலோ விருந்திலோ இருந்தால், மாப்போ தோஃபுவை மேலே சொன்ன மிசோ, சிலி போ கலவையால் செய்து, மிசோவின் அட்டையில் சோயாவும் அரிசியும் உப்பும் தவிர வேறெந்தப் பருப்பும் இல்லை என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.